குத்துவாள் நிபுணர்

குத்துவாளை ஆள்காட்டி விரலின் மேல் குறுக்காகக் கிடத்தி, எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறார் வரதராஜுலு. சாய்ந்ததும் உதட்டைப் பிதுக்குகிறார். "பிடி கனமா இருக்குதுங்க. சண்டையில கை சொன்ன பேச்சு கேக்காதுங்க." அவர் கடைசியாகப் போட்ட சண்டை, பீளமேட்டில் கார் நிறுத்தும் இடத்துக்காக. அதிலும் மனைவி ராமாமணிதான் பேசினார்.

கணபதி பகுதியில் பம்ப் கம்பெனி வைத்திருக்கிறார். ஞாயிறு காலையானால் கத்தி சேகரிக்கும் கனவான்கள் புதுச் சரக்கோடு அங்கே கூடிவிடுவார்கள். இருபுறக் கூர், கைக்காப்பு, உறையின் தையல் என்று எல்லாவற்றிலும் இவர் குறை கண்டுபிடித்து, வாங்கியதில் பாதி விலை சொல்வார். கத்தி விஷயத்தில் இந்த ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அந்தப் பெயரில்தான் மனிதர் உயிரை வைத்திருக்கிறார். கொய்யாப்பழம் நறுக்கச் சொன்னால் மட்டும், "ராமாமணி, நீயே அரிஞ்சுபோடு, எனக்கு கை நடுங்குது" என்பார்.

அவருடைய சொந்தக் குத்துவாள் எண்பதாயிரம் ரூபாய், வெளிநாட்டு எஃகு. எஃகின் கடினம் அறுபது பாயிண்ட் என்று சொல்லும் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கம்பெனிக்கு வரும் இரும்புக்கு எந்தச் சான்றிதழ் இருந்தாலும் நம்பமாட்டார். முனையால் குத்திக் கடினம் அளக்கும் சோதனை மெஷினில் வைத்து, அரை பாயிண்ட் குறைந்தாலும் லாரியோடு திருப்பி அனுப்புவார். குத்துவாளை மட்டும் அந்த மெஷினுக்குக் காட்டியதே இல்லை. கேட்டால், "மெஷின் குத்துனா தழும்பு உழுந்துருமுங்க" என்று உறையில் செருகிவிடுவார்.

போன ஞாயிறு, அன்னூர் லட்சுமணசாமியின் பன்னிரண்டாயிரம் ரூபாய்க் குத்துவாளை "தகரமுங்க" என்று தள்ளிவிட்டார். லட்சுமணசாமிக்குச் சுருக்கென்றது. "ஏனுங்க, மெஷின் கீழதானுங்களே இருக்குது? ரெண்டையும் வெச்சுப் பாத்துப்போடலாமுங்க."

என்னையும் சேர்த்துச் சுற்றி ஆறு பேர் நின்றோம். மறுத்தால் பெயர் கெட்டுவிடும். வரதராஜுலு தன் குத்துவாளை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

சோதனைக்கூடம் மகள் பிரீத்திகாவின் பொறுப்பில் இருக்கிறது. பிடியை ஒட்டிய தட்டையான இடத்தில் மெஷினின் முனையை இறக்கினாள். லட்சுமணசாமியின் தகரம் ஐம்பத்தெட்டு காட்டியது. அடுத்து அப்பாவுடையதை வைத்தாள். முள் முப்பத்தாறில் நின்றது. இன்னோர் இடத்தில் வைத்தாள். அங்கேயும் முப்பத்தாறு.

"நம்ம பம்ப் ஷாப்ட்டே நாப்பதுங்கப்பா" என்றாள்.

யாரோ இருமினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது. லட்சுமணசாமி தன் கத்தியை வேட்டியில் துடைத்துக்கொண்டு, பதிலுக்குக் காத்திருந்தார்.

வரதராஜுலு குனிந்து, முள்ளுக்கு மேலிருந்த கண்ணாடியை நகத்தால் இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.