வெர்டி வாசித்த மன்னிப்புக் கடிதம்

கென்டக்கி மாநிலத்து மலைநாட்டில் பதினோரு வருஷம் கவுண்டி ஜெயிலை, அதாவது மாவட்டச் சிறையை, கட்டிக் காத்தவள் வெர்டி. புருஷன்தான் ஜெயிலராக இருந்தான். விஷக்காய்ச்சலில் அவன் போனதும் சாவிக்கொத்து அவள் இடுப்புக்கு வந்தது. கைதிகளுக்குச் சமைத்துப் போடுவது முன்பே அவள் வேலைதான்.

அவள் தம்பி ஹோபர்ட்டை ஓடைக்கரையில் யாரோ முதுகில் சுட்டுப் போட்டு நாலு வருஷம். யாரோ என்ன யாரோ, க்ளெல்தான் என்று மலை முழுக்கத் தெரியும். க்ளெல் வேற்றாள் இல்லை. வெர்டியின் அம்மாவும் அவன் பாட்டியும் கூடப்பிறந்தவர்கள். பார்த்தேன் என்று சொல்லத்தான் ஒரு நாக்கும் எழவில்லை.

பிறகு, வரி கட்டாமல் சாராயம் காய்ச்சியதற்கு மத்திய அரசின் ஆட்கள் க்ளெலைப் பிடித்தார்கள். பத்து மாசம். அதைக் கழிக்க அனுப்பியதோ வெர்டியின் ஜெயிலுக்கு. தம்பியைக் கொன்றவனுக்கு மூன்று வேளையும் அவள் தட்டு வைத்தாள். சோள ரொட்டியில் கருகின அடிப்பக்கம் எப்போதும் அவனுக்குத்தான். எலி மருந்துப் பக்கம் எத்தனை தடவை கை போனது என்று அவளுக்கே கணக்கில்லை.

மூணாவது மாசம் ஜனாதிபதியின் மன்னிப்பு வந்தது. க்ளெலின் மாமன் கட்சியில் பெரிய ஆள். கடிதத்தைப் பார்த்ததும் அதை அடுப்பில் போடத்தான் வெர்டிக்குத் தோன்றியது. இரண்டாம் முறை படித்தபோது நெஞ்சு நிதானமானது. மத்திய அரசுக்கு எதிரான குற்றத்துக்குத்தான் மன்னிப்பு. கொலை கென்டக்கியின் வழக்கு. அதில் ஜனாதிபதி கை வைக்க முடியாது. ஆளுநர் மன்னிக்கலாம், ஆனால் அவர் மாமனுக்கு எதிர்க்கட்சி. இதெல்லாம் சாவி சுமந்தவளுக்குத் தெரியும். படிக்கத் தெரியாத க்ளெலுக்குத் தெரியாது.

அன்று கோழி அடித்து, மாவு உருண்டை போட்டுக் கொதிக்கவைத்தாள். போலீஸ் தலைவரான ஷெரீப்பையும் கோர்ட் குமாஸ்தாவையும் சாப்பிடக் கூப்பிட்டாள். க்ளெலை மேசையில் உட்காரவைத்து, கடிதத்தில் ஒரே ஒரு வரியை வாசித்தாள்: முழுமையான, நிபந்தனையற்ற மன்னிப்பு.

"அப்போ எல்லாத்தையும் கழுவிட்டாரா அக்கா?"

"முழு மன்னிப்புன்னு போட்டிருக்குடா. நீயே காதால கேட்டியே."

இரண்டு தட்டு உள்ளே போனதும் க்ளெலுக்கு நாக்கு அவிழ்ந்தது.

"இனிமே சொன்னா என்ன? என் ஊறல் பானையை வரிக்காரனுக்குக் காட்டிக் குடுத்தான் உன் தம்பி. சுட்டேன். திரும்பிக்கூடப் பாக்கல பாவம். துப்பாக்கி கிணத்துல கிடக்கு, வேணும்னா எடுத்து அடுப்பு கிளறிக்கோ."

வெர்டி இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

"எந்தக் கிணறுடா?"

"எங்க பாட்டன் கிணறுதான்."

ஷெரீப் கரண்டியைக் கீழே வைத்தார்.

மறுநாள் துப்பாக்கி கிடைத்தது. மாநிலக் கோர்ட்டில் ஆயுள் தண்டனை. பெரிய சிறைக்குக் கொண்டுபோகும் வரை க்ளெல் வெர்டியின் ஜெயிலில்தான் கிடந்தான். ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லி அவளையே கெஞ்சினான். அவன் சொன்னதை ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்பினாள்.

பதில் வந்தது. மாநிலக் கோர்ட்டின் தீர்ப்பில் ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்லை என்றிருந்தது. இந்தத் தடவை எல்லா வரியையும் வாசித்தாள். க்ளெல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். வெர்டி நாற்காலியைக் கம்பி ஓரமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இன்னும் சத்தமாக, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.