நிழலில் பார்த்த வைரம்

எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். சித்தூரில் என் வீட்டுக்காரர் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் போட்டுக் கொடுக்கிறேன். மற்றவர்கள் எழுதியதை நகல் எடுப்பவள் தானே ஒன்று எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். ஒரு கல்லைப் பார்த்தேன். அதைப் பற்றி யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வாயால் சொல்ல எனக்கு வராது.

என் மகன் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். அங்கேயே வேலை பார்க்கும் திருப்பதிப் பெண்ணை அவனுக்குப் பிடித்துப் போயிற்று. தெலுங்குக் குடும்பம். இரண்டு வீட்டிலும் பேசி நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெண்ணுக்குப் போடும் மோதிரம் எங்கள் பொறுப்பு. அந்தப் பெண் என் மகனிடம் ஒன்று மட்டும் சொல்லியிருந்தாள். கல் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, நன்றாகப் பட்டை தீட்டியதாக இருக்கட்டும், அதை அத்தையே, அதாவது நானே, பார்த்து எடுக்கட்டும் என்று.

அதைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. வைரத்தை நான் கையால் தொட்டதுகூட இல்லை. மினுமினுப்பு என்றால் எனக்குத் தெரிந்தது லேமினேஷன் பேப்பர்தான்.

அதைவிடப் பெரிய பயம் என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். நகரியில் விசைத்தறி வைத்திருக்கும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். எங்கள் வீட்டில் எந்த நல்ல காரியமும் அவரைக் கேட்காமல் நடந்ததில்லை. நிச்சயத்தன்று பெண்ணுக்குப் பொட்டு வைத்துப் பூ சூட்டப் போவதும் அவர்தான். வெளியில் பார்த்த பெண், வேறு பாஷை என்று சொந்தத்தில் முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி மட்டும் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வைரம் என்றதும் நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, தோஷம் உள்ள கல் குடும்பத்தை ஆட்டிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அண்ணிக்கு அது கொஞ்சம் கூடுதல். அவர் இன்றைக்கு அந்தக் கல்லில் ஒரு குறை சொன்னால் நாளைக்கு அதே குறை அந்தப் பெண்மேல் ஏறிவிடும். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

நானும் மகனும் சித்தூரிலிருந்து பஸ்ஸில் போனோம். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் பணம் இருந்த பையை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டேன். திருப்பதி பஸ் ஸ்டாண்டில் அண்ணி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

"இன்னாடா மாப்ள, நைனா வரலியா?" என்று மகனைக் கேட்டார்.

"கடைய யார் பாக்கறது அத்தை?"

"ஆமா, ஒரு நாள் மூடினா சித்தூரே நின்னுடும்."

நகைக்கடையில் குளிர் அடித்தது. மேலே வரிசையாக விளக்குகள். கடைக்காரர், தலை நரைத்தவர், மடித்த வெள்ளைத் தாள்களைப் பிரித்துக் கறுப்பு வெல்வெட்மேல் கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் ஒரே மாதிரி பளிச்சென்று எரிந்தன. எதைப் பார்ப்பது என்று புரியாமல் என் கண் கூசிற்று.

கடைசியில் இரண்டு கல் நின்றன. ஒன்று பெரியது, இன்னொன்று அதைவிடக் கொஞ்சம் சின்னது. விலை ஏறக்குறைய ஒன்றுதான். அண்ணி லென்ஸை வாங்கி இரண்டிலும் காக்கைக்கால் தேடினார். கல்லுக்குள் காக்கைக்கால் போல ஒரு கீறல் இருந்தால் ஆகாது என்பார்கள். இரண்டிலும் இல்லை.

"பெருசையே எடுங்க. நாலு பேர் பாக்கறதுக்கு அதான் நல்லாருக்கும்" என்றார்.

மகன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "அத்தை, லைட்டுக்குக் கீழ பாத்தா தெரியாதாம். நிழல்ல வெச்சுப் பாக்கணும்னு போன்ல பாத்தேன்."

"போன்ல சாமி கும்புடறதுகூட வருது. அதுக்காக மலை ஏறாம இருக்கறியா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். "பாபு சொல்றது நிஜம்தாம்மா. லைட்ல எந்தக் கல்லும், எல்லா ராயியும் மினுக்கும். ரண்டி, வாங்க, வாசலுக்குப் போலாம்."

காவலாளி ஒருவர் துணைக்கு வர, வாசல் கண்ணாடிக்குப் பக்கத்தில் நிழலில் நின்றோம். தெருவில் வெயில். கடைக்காரர் இரண்டு கல்லையும் என் விரல் இடுக்கில் வைத்தார்.

பெரிய கல் அணைந்துவிட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் ஒட்டியிருந்தது, நடுவில் கறுப்பாக ஒரு குழி. பக்கத்திலிருந்த சின்னது அணையவில்லை. தெருவில் ஒரு ஆட்டோ திரும்பியது, கல்லுக்குள் ஏதோ ஓடிற்று. நான் மூச்சு விட்டேன், அதற்கும் அசைந்தது. அவ்வளவு சின்ன இடத்துக்குள் தெரு முழுவதும் போய், துண்டு துண்டாகி, ஒரு துண்டும் தொலையாமல் திரும்பி வந்துகொண்டிருந்தது.

"மேலருந்து போற வெளிச்சம் கீழ ஒழுகிடக் கூடாதும்மா" என்றார் கடைக்காரர். "நல்லா தீட்டினா திரும்ப மேலயே வரும். பெருசுல அடி ஆழம் ஜாஸ்தி. வெளிச்சம் ஒழுகிப் போயிடுது."

லென்ஸைக் கொடுத்தார். முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு கல் திறந்துகொண்டது. உள்ளே கோடு கோடாக, எல்லாப் பக்கமும் அளந்து வைத்ததுபோல, தூணும் வாசலுமாக ஒரு வெறும் மண்டபம். அதில் ஆள் யாரும் இல்லை, வெளிச்சம் மட்டும் நடமாடியது. மண்ணுக்கு அடியில் கிடந்த ஒன்றை எங்கேயோ ஒருவர் உட்கார்ந்து இப்படித் தேய்த்திருக்கிறார். இத்தனை வாசலில் ஒன்றுகூடக் கோணலாக இல்லை. நான் எங்கே நிற்கிறேன் என்பதே மறந்துபோயிற்று.

"இரு இரு. இங்க குடு" என்று அண்ணி கல்லை வாங்கித் திருப்பினார். அவர் முகம் மாறிற்று. "ஐயோ, செவப்பு அடிக்குதே! இது வேணாம்மா. செவப்பு ஓடற கல்லு புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல சண்டை மூட்டும்."

கடைக்காரர் கல்லை வெள்ளைத் தாளில் கவிழ்த்து வைத்துக் காட்டினார். தண்ணீர் மாதிரி இருந்தது. நிறம் கல்லில் இல்லை, வெளிச்சம் உடைந்து வருகிறது என்றார். அண்ணி தலையை ஆட்டினார்.

"நீங்க விக்கறவங்க, அப்படித்தான் சொல்லுவீங்க. பெருசு போதும். இல்லன்னா வைரமே வேணாம்."

மகன் என்னைப் பார்த்தான். அவனுக்கும் தெரியும், இது கல்லோடு நிற்காது என்று. பேசு என்று கெஞ்சுகிற பார்வை அது. நான் அண்ணி பக்கம் திரும்பினேன்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் யாரையும் நேராகப் பார்த்துப் பேசமாட்டேன். அண்ணியிடம் பேசும்போது கல்யாணமான நாளிலிருந்து அவர் காதைத்தான் பார்ப்பேன். அவர் காதில் அவருடைய மாமியார் போட்ட ஏழுகல் வைரத் தோடு. அன்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலையை ஆட்டியபோது, அதில் சிவப்பாக ஒரு பொறி தெறித்து மறைந்தது. எனக்கு அது பழகிய பொறிதான். கோயிலில் தீபாராதனை காட்டும்போது சாமியை விட்டுவிட்டு அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அண்ணி, உங்க தோட்டுலயும் செவப்பு அடிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் உறைத்தது. அவர் வீட்டு நகைக்கு தோஷம் சொல்லிவிட்டேன், அதுவும் மாமியார் போட்டதற்கு.

"இன்னா சொன்ன?"

"செவப்பு, நீலம், பச்சை எல்லாம் வரும் அண்ணி. நான் வந்த நாள்லேருந்து பாக்கறேன். அவ்ளோ அழகா இருக்கும். உங்களுக்குத்தான் தெரியாது. உங்க காது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதே இல்லை. அண்ணி கழுத்தைச் சாய்த்தார். "கழட்டு."

திருகாணி இறுகிப்போயிருந்தது. என் விரலுக்கு அது சுலபத்தில் அகப்படவில்லை. ஒருவழியாகக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்தேன். அண்ணி அதை நிழலில் பிடித்து மெல்லச் சாய்த்தார். சிவப்பு வந்தது. இன்னும் சாய்த்தார். நீலம். மறுபடியும் சிவப்பு. எத்தனையோ வருஷமாகக் காதில் போட்டிருந்த வெளிச்சத்தை அன்றுதான் அவர் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. காவலாளிகூட எட்டிப் பார்த்தார்.

"அத்தை, அப்ப மாமாவோட நீங்க தினம் போடற சண்டைக்கு இந்தத் தோடுதான் காரணமா?" என்றான் மகன்.

"அடி வாங்குவ. அது அந்த மனுஷன் வாய்க்கு." கண்ணை எடுக்காமலே சொன்னார். "சண்ட போட்டா இன்னா? சண்ட போட்டுக்கினேதான் ஒரே தட்டுல துன்னுக்கினு இருக்கறோம்."

தோட்டை ஒரு கையிலும் சின்னக் கல்லை மறு கையிலும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தார். இரண்டிலும் பொறி பறந்தது. என் கண்ணில் தண்ணீர் நின்றது, ஏனென்று தெரியவில்லை. பயம் விட்டதாலா, அந்த அழகாலா, சொல்லத் தெரியாது.

கல்லை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அந்தப் பொண்ணு உன்னதான எடுக்கச் சொல்லுச்சி? அப்புறம் என்னை இன்னாத்துக்குக் கேக்கற? நீ சொல்லு."

"இதுதான் அண்ணி" என்றேன். அவர் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை மகன் அந்தப் பெண்ணின் விரல் அளவைக் கடைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு வேலைக்குப் போனான். பத்து மணிக்கு அண்ணி கூப்பிட்டு, நிச்சயத்துக்கு எத்தனை தட்டு வைக்கிறாய் என்று கேட்டார். ஒன்பது என்றேன். பதினொன்று வை, பூத்தட்டு நான் கொண்டுவருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.