கைப்பிடி இல்லாத கோப்பை

பரண் ஒழிக்கும்போது இன்று அம்மாவின் டீக் கோப்பை கிடைத்தது. விருத்தாசலத்தில், ஈரக் களிமண் வாசமும் சூளை அனலும் நிறைந்த பீங்கான் கொட்டகையில், பொழுது சாயும்வரை கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிய அம்மா, கோணல் என்று கழித்துப்போட்டவற்றை எங்களுக்குக் கொண்டுவருவாள். கைப்பிடி உடைந்ததைத் தனக்கு வைத்துக்கொள்வாள். கிழவியான பிறகும் அதில்தான் குடித்தாள்.

“சுடலியாம்மா?” என்றால், “எனக்கென்னாடி, கை மரத்துப்போச்சு. நீங்க ஆறறதுக்குள்ள குடிங்க” என்பாள். நாங்களும் நம்பிவிட்டோம்.

கொட்டகை இருந்த இடம் மனைகளாகிவிட்டது, அம்மாவும் இல்லை. கோப்பையைக் கழுவி, சுடச்சுட டீ ஊற்றி, அவளைப் போலவே இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தேன். உதடுவரைகூடக் கொண்டுபோக முடியவில்லை.