பதினோரு ஒன்றுகள்

அப்துல் கரீமுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அருப்புக்கோட்டையில் நெசவாளர்களுக்கு நூல் விற்கிற கடை அவருடையது. கை நூலை நிறுக்கும், மனசு வேறெங்கோ வகுத்துக்கொண்டிருக்கும். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான், வேறென்ன சொல்ல!

அந்த ஓணான், ஒன்றையே வரிசையாக எழுதினால் வரும் எண்கள். ஐந்து ஒன்றுகளை நாற்பத்தொன்று மீதியில்லாமல் வகுத்துவிடும். ஏழு ஒன்றுகள் இருநூற்று முப்பத்தொன்பதில் உடையும். பதினோரு ஒன்றுகளை எழுதினார். ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிச் சொச்சம். அது எதற்கும் மசியவில்லை. அதை உடைக்க ஓர் எண் உண்டா, இல்லவே இல்லையா? ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் பிடித்த பீடை இது. சின்ன எண்ணிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். நூல் சுற்றி வந்த தாளின் பின்பக்கம் வகுப்பார். மீதி வந்தால் ஒரு தப்புக்குறி. தாளைக் கம்பியில் குத்திவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவார். பாதிச் சோற்றில் எழுந்து போன நாளெல்லாம் உண்டு.

மனைவி பல்கீஸ் கேட்டது ஒன்றே ஒன்று. கீழக்கரையில் தனியாக இருக்கிற தன் உம்மாவோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரவேண்டும்.

“இது உடையட்டும் புள்ள. கடையப் பூட்டிட்டு நானே கூட்டிட்டுப் போறேன்” என்பார்.

அறுபத்தொன்பதில் உம்மா மௌத்தான தந்தி வந்தது. அடக்கத்துக்குப் போய் மறுநாளே திரும்பினார்கள். பஸ்ஸிலும் அவர் விரல் தொடையில் வகுத்துக்கொண்டே வந்தது. பல்கீஸ் அதைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எழுபத்தொன்றில் நோன்பு மாதம். பொழுது சாயும் நேரத்தில் கடையில் வகுத்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் பாங்கு கேட்டது. கடைசி வரியைக் கழிக்காமலே தப்புக்குறி போட்டுவிட்டுப் பேரீச்சம்பழத்துக்குக் கை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. வருஷா வருஷம் நோன்பில் இதைத்தானே செய்திருக்கிறோம்? அத்தனையும் பசி முடித்துவைத்த கணக்குகள்!

மறுநாள் காலையிலிருந்து கம்பியை உதறிக் கடைசி வரி இல்லாத தாள்களைத் தேடி எடுத்தார். அறுபத்தேழாம் வருடத்துத் தாள் ஒன்றில் இருபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்பது இருந்தது. விட்டுப்போன வரியைக் கழித்தார். மீதி இல்லை.

வீட்டுக்கு ஓடினார். பல்கீஸ் நோன்புக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தாள்.

“உடைஞ்சிருச்சு புள்ள! நாலு வருசமாக் கம்பியிலேயே தொங்கிருக்கு. பாங்குச் சத்தத்துல கடைசி வரிய விட்டுட்டேன்!”

“நாலு வருசமாவா?” என்று திரும்பினாள். “அப்ப எங்க உம்மா இருந்துச்சு.”

சந்தோஷமெல்லாம் வடிந்து, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார்.

“பெருநா கழிச்சுக் கீழக்கரைக்குப் போவோம் புள்ள. ஒரு மாசம் இருப்போம்.”

“யாரப் பாக்க?” என்று கேட்டுவிட்டு, பல்கீஸ் கஞ்சியை இறக்கி வைத்தாள்.