தார்ப்பாய்க்குள் ஒரு பகல் காட்சி

மே மாத வெயிலில் உப்பளம் பார்க்க வேண்டும் என்பது என் மனைவி வசந்தாவின் ஆசை. எனக்கு வேறு ஆசை. மகன் வாங்கிக் கொடுத்த கையடக்க வீடியோ பிளேயரில் ஒரு கொலைப் படம் பாதியில் நின்றிருந்தது. போனில் பார்த்தால் துப்பு துலங்கும் நேரமாகப் பார்த்து மேனேஜர் கூப்பிடுவார். இந்தப் பெட்டிக்கு நம்பரே கிடையாது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சுமார் முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பஸ். பெருமுக்கல் மலை வந்தபோது வசந்தா ஜன்னல் வழியாகக் காட்டினாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றேன். பின் சீட்டுக்காரர் என் தோளில் தாடையை வைக்காத குறையாக ஓசியில் படம் பார்த்துக்கொண்டு வந்தார். இருபது நிமிடப் படம் பாக்கியிருக்கும்போது நான் பெட்டியை மூடி இறங்க, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இலையை எடுத்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

பஸ் நிறுத்தத்திலிருந்து உப்பளத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். நாங்கள் போனபோது பதினொன்று. பாத்தி பாத்தியாக எங்கும் வெள்ளை. வரப்பில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தால், அந்த வெளிச்சத்தில் திரையில் என் முகம் மட்டும்தான் தெரிந்தது. கொலைகாரன் மாதிரிதான் இருந்தேன்.

"இன்னா சார், இந்தக் கூசல்ல படமா? நாங்களே பத்து மணிக்கெல்லாம் வேலைய முடிச்சிடுறோம்" என்றார் ஏழுமலை. அவரும் மனைவி செல்வியும் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்தவர்கள். மூன்று நாள் வாரிய உப்பைக் குவித்துவிட்டு, மத்தியானம் வரவேண்டிய லாரிக்காகக் காத்திருந்தார்கள். குவியலை மூடும் தார்ப்பாயை ஏழுமலை நான்கு கழியில் கட்டி மூன்று பக்கமும் தொங்கவிட்டார். தியேட்டர் தயார். நால்வரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம்.

வேலைக்காரன், மாமனார் என்று ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டு, "கொலைகாரன் அந்த டாக்டர்தான்" என்றேன்.

"டாக்டரா? சரிங்க" என்றார் செல்வி.

கொஞ்ச நேரத்தில் திரை அற்புதமாகத் தெளிந்தது. கதாநாயகியின் மூக்குத்தி வரை தெரிந்தது. "பார்த்தாயா, மகன் எப்பேர்ப்பட்ட பெட்டி வாங்கியிருக்கிறான்" என்று பெருமை பேசினேன். செல்வி தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், மானம் கறுத்துக்கினு வருது. உப்பு தொறந்து கெடக்குது."

தியேட்டர் ஒரே நொடியில் கலைந்தது. குவியல் நனைந்தால் மூன்று நாள் உழைப்பும் தண்ணீராய் ஓடிவிடும். ஆளுக்கொரு மூலையாகத் தார்ப்பாயை இழுத்தோம். காற்று என் மூலையைப் பிடுங்கப் பார்த்தது. வேறு வழி தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"சார், எழுந்துக்காதீங்க. அந்த மூலைக்குக் கல்லு வேணாம்" என்று கத்தினார் ஏழுமலை.

"இத்தன வருஷமா அந்த உடம்பு எதுக்குன்னு யோசிச்சேன்" என்றாள் வசந்தா, பெட்டியை முந்தானையில் சுற்றிக்கொண்டே.

மழை கால் மணி நேரம் கொட்டியது. நின்றதும் ஏழுமலை ஓரத்தைத் தூக்கிக் கையை உள்ளே விட்டு, ஒரு பிடி உப்பை வெளியே எடுத்துக் காட்டினார். விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது. நாலு பேரும் எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம். லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது. பெட்டியில் சார்ஜ் தீர்ந்து போயிருந்தது.

போகிறவர்களுக்கு: காலை ஏழுக்குள் போய்விடுங்கள், வேலை நடப்பதையும் பார்க்கலாம். தொப்பி, தண்ணீர், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். கேட்காமல் பாத்தியில் கால் வைக்காதீர்கள். கோடையிலும் மாற்றுத் துணி வேண்டும். ஈர வேட்டியோடு ஒரு மணி நேரப் பஸ் பயணம் சுகமில்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் வசந்தா கமெண்டில் வந்து எழுதுவாள். கிளம்பும்போது, "கடைசியில கொலைகாரன் யாருன்னு தெரியாமலே போச்சே" என்று புலம்பினேன்.

"நான் டிவில மூணு தபா பாத்துட்டேங்க" என்றார் செல்வி.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்க ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டுக்கினு இருந்தீங்க. அது படத்தவிட நல்லா இருந்துச்சு."

பிறகு வசந்தாவின் காதில் மட்டும் ஏதோ சொன்னார். இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். டாக்டர் இல்லை என்பது மட்டும் புரிந்தது.