தலைமறைவு: ஐந்து நாள்

ரஹமத் அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் வந்தது. எங்கள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் காலையில் நுழையும்போதே செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். மதியம் கையில் வாங்கிப் பார்த்தால், சங்கத்துச் செயலாளர் பல தடவை கூப்பிட்டிருந்தார். பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டேன். "மாரடைப்பும்மா. காலைல வூட்லயே போய்ட்டாங்க. சாயந்திரம் அடக்கம். எப்படியாச்சும் வந்துரு" என்றார். எனக்கு உடனே அழுகை வரவில்லை. இதை யாராவது கேட்டுவிட்டார்களா என்றுதான் முதலில் சுற்றும் முற்றும் பார்த்தேன். அவ்வளவு பயந்தவள் நான்.

அக்காவைத் தெரியாதவர்கள் இந்த அஞ்சலிக் கூட்டத்தில் இல்லை. என்னைத் தெரிந்தவர்கள் குறைவு. நான் இண்டூர் சகுந்தலா. காலர் தைக்கிற வரிசையில் அப்போது அக்காவுக்குப் பின்னால் என் மெஷின். ஆறு வருடத்துக்கு முன்னால் சங்கத்தின் அகில இந்திய மாநாட்டுக்கு எங்கள் கம்பெனியிலிருந்து இரண்டு பிரதிநிதிகள் போக வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சொன்னார்கள். சங்கம் என்று வாயைத் திறந்தாலே அடுத்த நாள் வேலை இருக்காது என்ற இடம் எங்கள் கம்பெனி. யாரும் கை தூக்கவில்லை. அக்கா ஒரு கையைத் தூக்கினார். இன்னொரு கையால் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். "எனக்கும் பயமாத்தான் இருக்குது புள்ள. நீ கூட வந்தா கொஞ்சம் தேவலாம்" என்றார். கையை இறக்கிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. நான் பிரதிநிதி ஆனது இப்படித்தான்.

லீவு கேட்க வேண்டுமே. அக்கா தன் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம் என்று எழுதிக் கொடுத்தார். நான், ஏரியூர் பெரியம்மா இறந்துவிட்டார் என்று எழுதினேன். எழுதிய நேரத்திலிருந்து, நிஜமாகவே அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம் பிடித்துக்கொண்டது. ரயில் ஏறும்வரை தினமும் போன் போட்டு, "சாப்ட்டியா பெரிம்மா?" என்று கேட்டேன். "என்னாடி அதிசயமா தெனம் கேக்கற?" என்றார் அவர். பெரியம்மா இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கிறார்.

ரயிலில் ஆளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, சங்கத்தில் சேர்ந்த வருடம் எல்லாம் போக, கடைசியில் இரண்டு கேள்விகள் இருந்தன. சிறையில் இருந்த நாட்கள் எத்தனை? தலைமறைவாக இருந்த காலம் எவ்வளவு? அந்தக் காலத்துத் தலைவர்களுக்காக வைத்த கேள்விகள் அவை. அக்காவுக்கு அது தெரியவில்லை.

"தலைமறைவுன்னா என்னா புள்ள?"

"யாருக்கும் தெரியாம ஒளிஞ்சி இருக்கறதுதான்க்கா."

"அப்ப நாம இப்ப இருக்கறதே அதானே?" என்றவர், போக வர எல்லாம் கணக்குப் பார்த்து, 'ஐந்து நாள்' என்று எழுதிவிட்டார். நான் 'இல்லை' என்று எழுதினேன்.

மாநாட்டு மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. படம் எடுக்க யார் போனைத் தூக்கினாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். எனக்கு இந்தி தெரியாது. அக்காவின் வீட்டில் உருது பேசுவதால் அவருக்குப் புரியும். மேடையில் பேசுவதை என் காதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி நாள் ஒருவர் எழுந்து படிவங்களைப் பற்றிய அறிக்கையைப் படித்தார். திடீரென்று மண்டபமே சிரித்தது. அக்கா எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டார். "என்னாக்கா சொன்னாங்க?" என்றேன். "தலைமறைவுலயே கொறஞ்ச காலம் அஞ்சு நாளாம். அது யாருன்னு கேக்கறாங்க" என்றார்.

நான் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். "எந்திரிக்காதக்கா. ஒக்காரு, ஒக்காரு" என்று கெஞ்சினேன். அக்கா எழுந்து நின்றார். கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர் உருதுவில் பேசியதைப் பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். "நான் இங்கே வந்தது எங்கள் கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலை போய்விடும். இந்த நிமிஷம் உங்கள் நடுவில் தலைமறைவாகத்தான் நிற்கிறேன். அஞ்சு நாள் இன்னும் முடியவில்லை." சிரித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து கைதட்டினார்கள். எங்கிருந்தோ படமும் எடுத்துவிட்டார்கள்.

ஊர் திரும்பி வேலைக்குப் போன அன்றே ஆபீஸ் மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அந்தப் படம் எங்களுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. அதில் அக்கா நிற்கிறார். ஓரத்தில் அவர் முந்தானையைப் பிடித்தபடி சிவப்பு வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிகிறது. மேடம் படத்தைப் பெரிசாக்கி, "இது யார் கை?" என்று கேட்டார். என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். என் கை படத்தில் விழுந்திருக்குமோ என்ற பயத்தில், வளையல்களை வழியிலேயே பாத்ரூமில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "பக்கத்துல ஒக்காந்திருந்த பெங்கால்காரம்மாங்க. அவங்கல்லாம் செவப்பு வளையல்தான் போடுவாங்க. பேரு கூடத் தெரியாதுங்க" என்றார். அன்றோடு அக்காவுக்கு வேலை போனது. எனக்குப் போகவில்லை.

அதன்பிறகு வீட்டில் ஜாக்கெட் தைத்துக்கொண்டே அவர் சங்கத்தை வளர்த்ததை நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். எனக்குச் சொல்ல ஒரு நாள் இருக்கிறது. காரிமங்கலம் சந்தையில் நானும் அக்காவும் தக்காளி பொறுக்கிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் சூப்பர்வைசர் எதிரே வந்துவிட்டார். அக்கா சட்டென்று என்னைப் பார்த்து, "கொஞ்சம் தள்ளி நின்னு எடும்மா, நாங்க எடுக்க வேணாமா?" என்று யாரோ மாதிரி சத்தம் போட்டார். நானும் தள்ளிப் போனேன். போனவள் அன்றைக்குத் திரும்பி அவரிடம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே வெறுப்பாக இருக்கிறது.

அந்த மாநாட்டுப் படம்தான் இப்போது சங்க ஆபீஸ் வாசலில் அஞ்சலி பேனராகத் தொங்குகிறது. "பாருங்க, யாரோ ஒரு தோழர் தாங்கிப் பிடிச்சிட்டு இருக்காங்க" என்று ஒரு அம்மா பக்கத்திலிருந்தவரிடம் சொல்வதைக் கேட்டேன். தாங்கிப் பிடிக்கவில்லை. உட்காரச் சொல்லி இழுத்த கை அது. அக்காவுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவர் ஒருநாளும் அதை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "நீ இழுத்த இழுப்புல சேலயே அவுந்துருக்கும் புள்ள" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவர் இறந்த அன்று மதியமே லீவு கேட்டேன். சாவுக்கு லீவு என்றால் கம்பெனியில் ஒரு படிவம் உண்டு. இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். சூப்பர்வைசர் நல்ல மனிதர். "சொந்தம்னு எதயாச்சும் எழுதிக் குடுத்துட்டுப் போம்மா" என்றார். பெரியம்மாவை இன்னொரு தடவை சாகடித்திருக்கலாம். மகளின் காலேஜ் படிப்பு கண் முன்னால் வந்து நின்றது. அந்தக் கட்டத்தில், 'ரஹமத் எங்கள் சங்கம். மாநாட்டுப் படத்தில் இருக்கும் கை என்னுடையது' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அக்காவின் முகத்தைப் பார்க்க ஓடினேன்.

மேடம் இன்னும் கூப்பிடவில்லை. தினமும் கேட்டைத் தாண்டும்போது உள்ளுக்குள் உதறுகிறது. பயந்துகொண்டே எழுந்து நிற்கலாம் என்பதை மட்டும் அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த மாநாட்டுக்கு என்னை அனுப்புங்கள், தோழர்களே. அந்தக் கேள்விக்கு இந்தத் தடவை சரியான பதில் எழுத வேண்டும். தலைமறைவாக இருந்த காலம்: ஆறு வருடம்.