ரோஸ் சுவருக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி

அந்த அட்டைப்பெட்டியை அங்கே நகர்த்தியிருக்கவே கூடாது. நகர்த்தியவன் நான்தான் என்பதால் திட்டுவதற்கும் வேறு ஆள் கிடைக்கவில்லை.

கல்யாணமாகிப் பதினொரு வருடம் கழித்து, என் நாற்பத்தாறாவது வயதில், எங்களுக்கு முதல் குழந்தை வரவிருந்தது. ஸ்கேன் எடுத்த பெண், என்ன குழந்தை என்று தெரிய வேண்டுமா எனச் சாதாரணமாகக் கேட்டாள். ஊரில் அதைச் சொல்வது குற்றம் என்ற போர்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். முதலில் கதவைத்தான் பார்த்தேன், போலீஸ் வருகிறதா என்று. மனைவி தயங்காமல் "சொல்லுங்க" என்றாள். பெண் குழந்தை. சிட்னியின் நார்த்மீட் பகுதியிலுள்ள எங்கள் வீடு வந்து சேரும்வரை காரில் அவள் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். பிறக்கும்வரை யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவு செய்தோம்.

குழந்தைக்கு ஒதுக்கிய சின்ன அறையில் ஒரு சுவர் மட்டும் அடர்ந்த ரோஸாக வேண்டும் என்றாள். பெண் என்பதற்காக அல்ல. அவளுடைய பேனாவிலிருந்து செருப்புவரை எல்லாமே அந்த நிறம்தான்.

"மஞ்சள் அடிச்சிரலாமே. வர்றவங்க கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றேன்.

"நம்ம பொண்ணு என்ன திருட்டு நகையா, மறைச்சு வைக்க?"

ரோஸுக்கே சம்மதித்தேன். ஆனாலும் நாற்பத்தாறு வயதில் அப்பா ஆகிற பயம் போகவில்லை. நாலு சாம்பிள் டப்பா வாங்கி, நாலு விதமான ரோஸில் சுவரில் நாலு சதுரம் அடித்து, மூன்று நாள் அவற்றின் முன் நின்றேன். நெடியே இல்லாத பெயின்ட் என்று எழுதியிருந்த டப்பாவை மோந்து பார்த்துவிட்டு, நுரையீரலைப் பற்றி இரண்டு மணி நேரம் படித்தேன். அறையின் சூட்டை அளக்க மூன்று கருவிகள் வாங்கினேன். மூன்றும் மூன்று விதமாகக் காட்டின.

அந்த ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அண்ணன் வந்தார். கூடப்பிறந்தவர் இல்லை. நான் சிட்னியில் வந்திறங்கிய நாளில் விமான நிலையத்தில் காத்திருந்து, இரண்டு மாதம் தன் வீட்டில் தங்கவைத்தவர். அண்ணி செய்துகொடுத்த பிரியாணியோடு வந்திருந்தார். கார் சத்தம் கேட்டதும் ஓடிப்போய், தொட்டில் இருந்த பெட்டியைத் தள்ளி ரோஸ் சதுரங்களை மறைத்தேன்.

"இன்னும் பிரிக்கவே இல்லையாடா? நகரு" என்று அறைக்குள் வந்து பெட்டியை ஒரே இழுப்பாக இழுத்தார். சுவரைப் பார்த்தார்.

"அட, பொண்ணா?"

தலையாட்டினேன். ரயிலைக் கோட்டைவிட்டவனைத் தேற்றுவதுபோல என் தோளில் தட்டினார். "சரி விடுடா, பரவாயில்ல. அடுத்தது பையனாப் பொறந்துரும்."

நான் என்ன செய்தேன்? "அடுத்ததுன்னா பிரசவ வார்டுல எனக்கும் சேர்த்து ஒரு பெட் போடணும்ணே" என்றேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பினால் வாசலில் டீ டம்ளர்களோடு மனைவி.

அவர் போன பிறகு அந்தப் பிரியாணிப் பாத்திரத்தைத் தேய்தேய் என்று தேய்த்தாள். "அவரை விடுங்க. நீங்க எதுக்குச் சிரிச்சீங்க?"

"சும்மா ஒரு ஜோக்..."

"நாளைக்கு அவ காதுபட எவனாவது இதைச் சொன்னா, அப்பவும் இப்படித்தான் பல்லைக் காட்டுவீங்களா?"

அந்த வாரம் முழுக்க, வேலைக்குப் போய்வரும் ரயிலில் எனக்குள் அவரோடு சண்டை. பரவாயில்லையாம்! எத்தனை ஊசி, எத்தனை முறை வெறுங்கையோடு திரும்பி வந்திருக்கிறோம், அதற்குப் பிறகு வருகிறவளுக்குப் பரவாயில்லையா? உனக்கு ரெண்டு பையன் இருக்கானே, ஒருத்தனாவது நீ கூப்பிட்டால் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றுகிறானா? அருமையான வசனங்கள். கேட்கத்தான் ஆளில்லை. வீடு வந்து சேர்வதற்குள் கோபமெல்லாம் என் முப்பத்திரண்டு பற்களின் மேல் திரும்பிவிடும்.

ஷெல்ஃப் மாட்ட டிரில்லோடு சனிக்கிழமை வருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை லீவு போட்டு ரோஸ் பெயின்ட் அடித்தேன். ஒரு சுவர் முடிந்தது. பெயின்டும் மிச்சமிருந்தது, கோபமும் மிச்சமிருந்தது. நாலு சுவரும் அடித்துவிட்டேன்.

வேலையிலிருந்து வந்த மனைவி வாசலிலேயே நின்றாள். "ஒரு சுவர்தானே கேட்டேன்? இருமல் மருந்து பாட்டிலுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு." அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

மறுநாள் அண்ணன் வந்தார். "என்னடா, நாலு பக்கமுமா?"

நல்ல ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"பொண்ணுண்ணே. பரவாயில்லைன்னு தேத்துறதுக்கு இங்க எதுவும் கெட்டுப்போகல. அன்னிக்கு நான் சிரிச்சது தப்பு. நீங்களும் இனிமே அப்படிச் சொல்லாதீங்க."

அவர் டிரில்லைக் கையில் எடுத்தார். "ஷெல்ஃப் எந்த உயரத்துலம்மா?" என்று மனைவியிடம் கேட்டு, மாட்டிவிட்டு, டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். பாத்திரத்தையும் எடுத்துப் போகவில்லை. அதன்பிறகு ஒரு போன்கூட இல்லை. எனக்கும் கோபம் தீரவில்லை, நானும் கூப்பிடவில்லை. மூன்று சுவர்களைத் திரும்ப வெள்ளையாக்கினேன். மனைவி நாற்காலியில் உட்கார்ந்து, விட்டுப்போன இடங்களைக் கையால் காட்டிக்கொண்டிருந்தாள்.

மகள் பிறந்து பதினெட்டாம் நாள் அண்ணியோடு வந்தார். ரோஸ் சுவரை ஒட்டிய தொட்டிலில் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அப்படியே உன்னோடதுடா. பரவா..." சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"மூக்குக்கு மட்டும் சொல்லிக்கலாம்ணா" என்றாள் என் மனைவி.